முரட்டுத் தானியமா?

கேள்வி: எங்கள் சாமையைப் பழைய அரசுக் காகிதங்களில் 'கோர்ஸ் கிரெய்ன்' என்று எழுதியிருக்கிறார்கள். கோர்ஸ் என்றால் முரடுதானே?
– வாசகி, செம்மேடு, கொல்லிமலை

பதில்: இன்று முரடுதான். கொச்சைப் பேச்சுக்கும் அதே சொல். ஆனால் தொடக்கத்தில் அதற்குச் 'சாதாரணமான' என்றுதான் பொருள். 'ஆஃப் கோர்ஸ்' என்கிறோமே, அந்தக் கோர்ஸின் உடன்பிறப்பு என்கிறார்கள் அகராதிக்காரர்கள். வெகுகாலம் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டும் ஒன்றே. சாதா ரகத் துணிக்குச் சொல்லிச் சொல்லிச் சொரசொரப்பாகி, பிறகு மனிதர் நடத்தைமேலும் ஏறியது. (ஏழை உடுத்துவதெல்லாம் வசவாக எவ்வளவு நேரமாகும்?) சாமை, தினை, கேழ்வரகுக்கும் அந்த முத்திரை விழுந்தது. 2018 ஏப்ரலில்தான் மத்திய அரசு அவற்றை 'நியூட்ரி சீரியல்' ஆக்கியது, 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குள் உங்கள் மலையில் சாமை நின்ற நிலங்கள் பலவற்றை மரவள்ளி பிடித்துக்கொண்டுவிட்டது.