நம் நிலத்திற்கு ஏற்ற மல்லிகை எது?

மல்லிகை, ஒருமுறை நட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலத்தில் நிற்கும் பயிர். நெல்லைப் போல அடுத்த பட்டத்தில் இரகத்தை மாற்றிக்கொள்ள இயலாது. "பக்கத்து ஊரில் பிச்சி நன்றாகப் பூக்கிறது" என்ற சொல்லை மட்டும் நம்பி ஏக்கர் கணக்கில் நட்டுவிட்டு, செடி தழைத்தும் பூ இல்லையே என்று வருந்தும் விவசாயிகள் உண்டு. எனவே முதலில் சிறிய அளவில் நட்டு, ஒப்பிட்டுப் பார்த்துப் பின் விரிவுபடுத்துவதே சிறந்தது.

வகைகளும் இயல்புகளும்

குண்டுமல்லி: மொட்டு பருமனானது, மணம் மிக்கது. மார்ச் மாதம் முதல் பூக்கத் தொடங்கும். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இவ்வகையைச் சேர்ந்ததே.

முல்லை: மொட்டு மெல்லியது. ஒரு கிலோ பறிக்கக் குண்டுமல்லியை விட அதிக நேரமாகும். கோ.1, கோ.2, பாரிமுல்லை ஆகியவை நமது பல்கலைக்கழக இரகங்கள்.

பிச்சி (சாதிமல்லி): செடி படர்ந்து வளரும். சரத்திற்கு மட்டுமின்றி வாசனைப் பொருள் தயாரிக்கவும் பயன்படும். கோ.1, கோ.2 இரகங்கள் உள்ளன.

இம்மூன்றிலும் பனிக்காலத்தில் பூ குறைந்துவிடும்; விலை உயர்ந்து நிற்பதும் அப்போதுதான். ஆண்டு முழுவதும் பூக்கும் கோ.1 நட்சத்திர மல்லிகையையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்வது இதனால் நலம்.

ஒப்பீட்டுப் பாத்தி அமைத்தல்

வடிகால் வசதியுள்ள செம்மண் கலந்த நிலத்தைத் தேர்ந்தெடுக்கவும். நீர் தேங்கும் நிலமும் களர் நிலமும் ஆகா. வகைக்குப் பத்துச் செடிகள் போதும். வேர்விட்ட பதியன்களை ஒரே நாளில் நட வேண்டும். குழிக்கு 10 கிலோ தொழு உரம் இடவும். ஒரு வகை வாய்க்கால் ஓரத்திலும் மற்றொன்று தென்னை நிழலிலும் இருந்தால் ஒப்பீடு பயன்படாது.

நடவு இடைவெளியும் ஏக்கருக்கு ஏறத்தாழச் செடிகளும்:

குண்டுமல்லி - 1.25 x 1.25 மீட்டர் - 2,590
முல்லை - 1.5 x 1.5 மீட்டர் - 1,800
பிச்சி - 2.0 x 1.5 மீட்டர் - 1,350

கவாத்து

எல்லா வகைகளையும் ஒரே நாளில் கவாத்து செய்வது தவறு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் ஏற்றவை. தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டவும்.

குறித்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டில் வகை வாரியாகப் பூக்கத் தொடங்கிய நாள், பறித்த பூவின் எடை, அன்றைய விலை, பறிகூலி, மொட்டுப்புழு மற்றும் செஞ்சிலந்திப்பேன் தாக்குதல் ஆகியவற்றை எழுதி வரவும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்புக் கலந்து தெளிக்கலாம். எந்த வகையில் இக்குறை அடிக்கடி தோன்றுகிறதோ, அவ்வகைக்கு அந்நிலம் ஒவ்வவில்லை என்று கொள்ளலாம்.

கணக்கில் கவனம்

பலர் தவறுவது இங்கேதான். செடிக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஏக்கருக்கு எவ்வளவு என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, பிச்சிச் செடி ஒன்று ஆண்டுக்கு 2.5 கிலோவும் குண்டுமல்லி 1.5 கிலோவும் தருவதாகக் கொள்வோம். செடியளவில் பிச்சியே மேல். ஏக்கர் கணக்கிலோ பிச்சி 3,375 கிலோ. குண்டுமல்லி 3,885 கிலோ. இதை விலையால் பெருக்கிப் பறிகூலியைக் கழித்தால்தான் உண்மை இலாபம் தெரியும்.

முதலாண்டுப் பூவை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். செடி நிலைபெற்ற பின், இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கணக்கே நம்பத்தக்கது. மூன்றாண்டு பொறுத்தால், அடுத்த பத்தாண்டுக்கான விடை உங்கள் நோட்டிலேயே இருக்கும்.