கேம்கார்டர் வாங்கப்போகும் தம்பிக்கு



தொழில்முறைக் கேம்கார்டரைச் சோதிக்க விருதுநகர் மாவட்டத்திலேயே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் முகூர்த்த நேரம். மற்றது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம். முகூர்த்தத்தில் ஒலி பிடிபடாமல் போகும். தேரோட்டத்தில் தூரமும் அசைவும் கருவியைத் திணறடிக்கும். இரண்டிலும் தாக்குப்பிடிக்கும் கேமராவை நம்பி வாங்கலாம்.

ஒலியில் தொடங்குவதே முறை. சற்று இருண்டுபோன படத்தை எடிட்டிங்கில் ஓரளவு தூக்கிவிடலாம். உடைந்து பதிவான ஒலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. முகூர்த்தத்தில் நடப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். புரோகிதர் தணிந்த குரலில் மந்திரம் சொல்கிறார். ஆட்டோ லெவலில் விடப்பட்ட கேமரா அந்தக் குரலைப் பிடிக்க ஒலியின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறது. ‘கெட்டிமேளம்’ என்று குரல் எழுந்ததும் தவிலும் நாதசுரமும் ஒன்றாக முழங்குகின்றன. கூடியிருந்த லெவலில் முதல் அடி கரகரத்து உடைகிறது. உடனே கேமரா மொத்த ஒலியையும் அமுக்குகிறது; மேளம் ஓய்ந்ததும் மறுபடி ஏற்றுகிறது. தாலி ஏறும் சில நொடிகள் இப்படி ஏறியும் இறங்கியும் பதிவாகிப் பாழாகின்றன.

ஆகவே ஒலி அளவைக் கையால் திருப்பிவைக்கும் குமிழ், ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக, கேமராவின் வெளிப்புறத்திலேயே இருக்க வேண்டும். மெனுவுக்குள் தேடிப்போய் மாற்றுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். ஒரே மைக்கை இரண்டு சேனலுக்கும் கொடுத்து, இரண்டாவதை 10 டெசிபல் குறைத்து வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். முதல் சேனல் உடைந்தாலும் இரண்டாவது காப்பாற்றும்.

அடுத்தது எக்ஸ்எல்ஆர் இணைப்பு, குறைந்தது இரண்டு. இந்தக் கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று தலைகீழான வடிவில் ஓடுகிறது. வழியில் சீரியல் லைட் வயரிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ புகும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒன்றுபோலவே ஏறுகிறது. கேமரா ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் போய் ஒலி மட்டும் நிற்கிறது. நல்ல கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரமும் இதே கேபிள் வழியே போகும். சிறிய 3.5 மி.மீ. துளை மட்டுமே உள்ள கேமராவில் நீளமான கேபிளை நம்ப முடியாது.

நீளமான கேபிள் எதற்கு என்று கேட்கலாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்குக்குத் தவிலின் அடி நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தே வந்துசேரும். நொடிக்கு 25 பிரேம் கணக்கில் அது இரண்டரை பிரேம். ஜூம் செய்து பார்க்கையில் குச்சி முன்னால் விழும், சத்தம் பின்னால் கேட்கும். மைக் மேளக்காரர் அருகில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படத்துக்கு வந்தால், கேமராவின் உருவத்தை வைத்து எடைபோடுவது பெரும் தவறு. கல்யாண வீடியோக்காரர்கள் தோளில் வைத்து எடுத்த சோனி எச்எக்ஸ்ஆர்-எம்சி2500 பார்வைக்குப் பெரியது. உள்ளிருக்கும் சென்சார் கால் அங்குல வகை. அதைவிடச் சிறியதாகத் தெரியும் எச்எக்ஸ்ஆர்-என்எக்ஸ்100-இல் ஓர் அங்குல வகை சென்சார், பரப்பில் பத்து மடங்குக்கு மேல். மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகப் பொரிவதும் பொரியாததும் பெரும்பாலும் இந்தப் பரப்பைப் பொறுத்தது.

சென்சார் பெரிதானால் நீண்ட ஜூம் கிடைப்பது கடினமாகிறது. தேரோட்டத்தில் இது உறைக்கும். வடம் பிடிப்பவர்களின் நெரிசலில் கேமராமேன் தேருக்குப் பக்கத்தில் போக முடியாது. தொலைவில் ஒரு மாடியிலிருந்து ஆண்டாளின் அலங்காரத்தை எட்டிப்பிடிக்க வேண்டும். 12 மடங்கு ஆப்டிகல் ஜூமைக் கீழ்வரம்பாகக் கொள்வது நல்லது. டிஜிட்டல் ஜூமைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அது இருக்கும் புள்ளிகளையே பெரிதாக்கிக் காட்டுவது.

தேரோட்டம் இன்னொன்றையும் சோதிக்கும். ஆயிரக்கணக்கான தலைகள், அசையும் வடம், பறக்கும் தொம்பைகள் என்று ஒவ்வொரு பிரேமும் முந்தையதிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும். பிட்ரேட் குறைவான கேமராவில் கூட்டம் கட்டம் கட்டமாகச் சிதறும். எச்டிக்கு நொடிக்கு 50 மெகாபிட் இருந்தால் தைரியமாக எடுக்கலாம். அதற்கு மணிக்கு 22.5 ஜிபி இடம் வேண்டும்.

4கே என்ற எழுத்தைப் பார்த்ததும் மயங்கக் கூடாது. சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90 எச்டியில் 10 பிட், 4:2:2 முறையில் பதிவு செய்கிறது; 4கே-யில் அதே கேமரா 8 பிட், 4:2:0-க்கு இறங்கிவிடுகிறது. 4:2:0 என்றால் நான்கு புள்ளிக்கு ஒரே நிறத்தகவல். அரக்குப் பட்டின் ஜரிகை ஓரத்தில் சிவப்பு கசிவது இதனால்தான். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1,024. ராஜபாளையத்தில் பொழுது சாய்ந்தபின் மலைக்குமேல் வானத்தை எடுத்துப் பார்த்தால், 8 பிட் படத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிவது தெரியும்.

மண்டபத்து டியூப்லைட்டுகள் கேமராவின் குற்றமல்லாத ஒரு குற்றத்தைக் காட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் படம் நிலையாக நிற்கும். 1/60-இல் கருவரிகள் ஊரும். சீமாஸ் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், போட்டோகிராபரின் பிளாஷ் சில பிரேம்களில் பாதி உயரத்துக்கு மட்டும் வெளுக்கும். பெரும்பாலான கேமராக்களில் இதை மெனுவில் சரிசெய்ய முடியாது. எடிட்டிங்கில் அந்தப் பிரேமை மாற்ற வேண்டும்.

கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், எக்ஸ்எல்ஆர் இல்லாத 4கே கேமராவைவிட எக்ஸ்எல்ஆர் உள்ள எச்டி கேமராவே கல்யாண வேலைக்கு ஏற்றது. மிச்சத்தில் ஒரு காலர் மைக்கும், காதை முழுதும் மூடும் ஹெட்போனும் வாங்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதே மாடலை ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்து, கெட்டிமேளத்தை அந்த ஹெட்போனில் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

அன்புடன்,
அண்ணன்