வீட்டுக் கணினிக்கு பேக்கப்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. டெல்டாவில் பேக்கப் மென்பொருள் தேடுபவர்கள் அந்த மாதிரி ஓர் இரவை எண்ணியே தேட வேண்டும்.

செய்ய வேண்டியவை

மென்பொருளைப் பார்க்கும் முன் எந்தெந்த ஃபோல்டர் என்று தாளில் எழுதுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் மறுபடி எடுக்கலாம். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைக் கடிதத்தின் ஸ்கேன், கல்யாணப் படங்கள், குத்தகைக் கணக்கு இவையெல்லாம் போனால் போனதுதான். முதலிடம் இவற்றுக்கே.

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்கு வெளியே இருப்பதையும் தேடுங்கள். நெல் வியாபாரமோ உரக்கடையோ நடத்தும் வீடுகளில் டேலி கணக்கு பெரும்பாலும் வேறிடத்தில்தான் கிடக்கும். யாருக்கும் நினைவு வராதது எழுத்துரு. பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாக வரும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாது. எழுத்துருவோ விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதன் நகலை உங்கள் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள்.

பழைய பதிப்புகளைக் குறைந்தது ஒரு போகத்துக்காவது விட்டுவைக்கும் மென்பொருளை எடுங்கள். புரட்டாசியில் எழுதிய நடவுக் கூலிக் கணக்கில் தவறுதலாக ஒரு பத்தி அழிந்திருந்தால், தை மாதம் அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒரு மாதத்துப் பதிப்புகள் அதற்குப் போதாது, ஆறு மாதமாவது வேண்டும்.

விண்டோஸுடன் வரும் ஃபைல் ஹிஸ்டரி மணிக்கொரு முறை பதிப்பெடுக்கும். ஆனால் விண்டோஸ் 11-இல் வேறு ஃபோல்டரைச் சேர்க்க அதை ஒரு லைப்ரரிக்குள் கொண்டுவர வேண்டும். டூப்ளிகாட்டி இலவசம். வேண்டிய ஃபோல்டர்களை டிக் செய்தால் போதும், மாறிய பகுதியை மட்டும் எடுத்து, நீங்கள் தரும் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கும். ஃப்ரீஃபைல்சிங்க் கோப்பை அப்படியே நகலெடுக்கும். எந்தக் கணினியிலும் அந்த மென்பொருள் இல்லாமலே திறக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் தாங்களே எடுத்துப் பார்க்க வேண்டிய படங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தினமும் மாறும் கணக்குக்கு டூப்ளிகாட்டி.

மின்வெட்டில் விட்டுப்போன பேக்கப் பிறகு தானே ஓடுமா என்று பாருங்கள். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அதற்கொரு டிக் இருக்கிறது. நாம்தான் போட வேண்டும்.

மீட்டுப் பாருங்கள். தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றை வேறு ஃபோல்டருக்குத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்த பிறகே மென்பொருளை நம்பலாம். லினக்ஸில் இயங்கும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமாக 255 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும் என்பதால் 85 குறியீட்டோடு முடிந்துவிடும். நீளமான தமிழ்ப் பெயர்கள் அங்கே நகலாகாமல் நின்றுபோகும்.

செய்யக்கூடாதவை

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் சிங்க் ஆகிறதே, அதுவே பேக்கப் என்று இருந்துவிடாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். இலவச இடமும் ஒன்டிரைவில் 5 ஜிபி. கூகுளில் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் படங்களும் பங்குபோட்டுக்கொள்ளும்.

பழைய பதிப்புகளை வைக்கும் வசதியை இயக்காமல் 'மிர்ரர்' முறையைத் தொடாதீர்கள். மூல ஃபோல்டர் காலியானால் நகலும் காலியாகும்.

ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் செருகியே வைக்காதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற வைரஸ்கள் இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலும் அதே கம்பி வழியாகத்தான் வரும். பேக்கப் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவில் கல்யாண வீடியோவை வைக்கப் பார்க்காதீர்கள். 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது.

கிராக் செய்த மென்பொருள் வேண்டவே வேண்டாம்.

ஒரே நிறுவனத்தின் சந்தாவை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுப் பயனாளர்களுக்கான கிராஷ்பிளான் பேக்கப் சேவையை நிறுத்தப்போவதாக 2017-இல் அறிவித்து, 2018-இல் மூடியே விட்டார்கள்.

இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து, இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வேதாரண்யத்து வீட்டின் இரண்டாவது டிஸ்க் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும் மகள் வீட்டில் இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டைக் கணினிக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள். டூப்ளிகாட்டியில் அதைத் தொலைத்தால் மீட்க வழியே கிடையாது. தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் ஒன்று, டிஸ்க் இருக்கும் வீட்டில் ஒன்று என்று வைத்துவிடுங்கள்.