சித்திரைச் சேற்றில் நாய்ப் பூங்கா: இப்போது செய்ய வேண்டியவை

ரொறன்ரோவில் பனி கரைந்துவிட்டது, பொழுதும் நீண்டுவிட்டது. குளிர்காலம் முழுக்க நடைபாதை ஓரமாக அவசர அவசரமாகப் போய்வந்த நாய், கதவடியில் நின்று சிணுங்குகிறது. முதல் வெயில் எறித்த சனிக்கிழமையே எல்லோரும் நாய்ப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுகிறோம். அங்கே தரை முழுக்கச் சேறு. நாய்களுக்கோ மாதக்கணக்கில் கூட்டம் பழக்கமில்லை. புல்லுக்குள் உண்ணியும் விழித்துவிட்டது. அதனால் வரும் ஆறு வாரங்களுக்கு இந்தக் குறிப்புகளை நினைவில் வைத்திருங்கள்.

நாயைக் கயிறில்லாமல் விடுவதற்கென்று மாநகரசபை 70க்கும் மேற்பட்ட இடங்களை ஒதுக்கியிருக்கிறது. மேற்கே ஹை பார்க், ஸ்காபரோவில் தொம்சன் மெமோரியல் பார்க், லாமரூ பார்க் ஆகியவற்றிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. இவற்றுக்கு வெளியே எந்தப் பூங்காவிலும் 2 மீற்றருக்கு மேற்படாத கயிறு கட்டாயம்.

ஊரில் நாய் வளவுக்குள் வளர்ந்தது. ஒழுங்கையில் வரும் நாலு நாய்கள்தான் அதற்குத் தெரிந்த உலகம். இங்கே ஒரே நேரத்தில் முன்பின் தெரியாத இருபது நாய்களுக்கு நடுவில் அதை விடுகிறோம். கயிறு அவிழ்ந்தவுடன் நாய்க்கு விளையாட்டு தொடங்குகிறது. நமக்கு வேலை தொடங்குகிறது.

புறப்படும் முன்

தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். அதோடு லெப்ரோஸ்பைரோசிஸ் தடுப்பூசியையும் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். இந்த நோயின் கிருமி ரக்கூனும் எலியும் கழிக்கும் சிறுநீரில் வரும். பனி கரைந்து தேங்கிய தண்ணீரில் உயிரோடு இருந்து, நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். முதன்முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் வேண்டும் என்பதால், மே மாதத்துப் பாதுகாப்புக்கு இப்போதே தொடங்க வேண்டும்.

உண்ணி மருந்தையும் இப்போதே தொடங்குங்கள். கோடைக்குத்தான் உண்ணி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பநிலை 4 பாகையைத் தாண்டினாலே அது நடமாடத் தொடங்கிவிடும்.

இவர்கள் இப்போதைக்கு வீட்டில் இருக்கட்டும்:

- தடுப்பூசித் தொடர் முடியாத குட்டிகள். பொதுவாக நாலு மாதம் ஆகும்வரை.
- இருமல், வயிற்றோட்டம் உள்ள நாய்கள்.
- சூட்டில் இருக்கும் பெட்டை நாய்கள்.
- கூப்பிட்டால் திரும்பி வராத நாய்கள். முதலில் வீட்டுப் பின்வளவில் நீளக் கயிற்றோடு பழக்குங்கள்.

மாநகரசபை லைசென்ஸ் தகடு கழுத்துப்பட்டியில் தொங்கவேண்டும். ஒருவர் மூன்று நாய்களுக்கு மேல் அவிழ்த்துவிடக் கூடாது.

படலையடியில்

சண்டைகள் பெரும்பாலும் மூளும் இடம் படலையடி. புது நாய் ஒன்று வந்ததும் உள்ளே நிற்கும் ஏழெட்டு நாய்கள் ஓடிவந்து கம்பியில் முட்டிக்கொண்டு நிற்கும். வெளியே நிற்பது வாலைக் காலுக்குள் சொருகி, காதை மடக்கி, உரிமையாளரின் சப்பாத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே தள்ளாதீர்கள். பத்தடி பின்னால் போய் நில்லுங்கள். கூட்டம் கலையட்டும். ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் தங்கள் நாயைக் கூப்பிட்டு வழிவிடுங்கள்; அது பெரிய உதவி.

இரட்டைப் படலை இருக்கும் இடத்தில் முதல் படலையைப் பூட்டிய பின்பே இரண்டாவதைத் திறவுங்கள். கயிற்றை அந்த இடைவெளியில் அவிழ்த்துவிடுங்கள். மற்ற நாய்கள் சுதந்திரமாக ஓடும்போது ஒரு நாய் மட்டும் கட்டுப்பட்டு நின்றால், ஓடித் தப்ப முடியாத பயத்தில் அது பாய்ந்துவிடும்.

உள்ளே

ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். நீங்கள் நடந்தால் நாயும் உங்களைக் கவனித்துப் பின்னால் வரும். கைபேசி சட்டைப்பையில் இருக்கட்டும். தின்பண்டமும் பிரியமான பந்தும் காரிலேயே இருக்கட்டும். அவற்றுக்காகத்தான் பல சண்டைகள் மூளுகின்றன.

முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால் அது விளையாட்டுக்கான அழைப்பு. துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடந்தால் நல்லது. உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை ஒரே இடத்தில் நிலைத்துவிட்டால் உடனே கூப்பிடுங்கள். ஒரே நாயை மூன்று நாய்கள் துரத்தினால் அது விளையாட்டு அல்ல. இரண்டு நாய்கள் பிடித்துக்கொண்டால் இடையில் கையை நுழைக்காதீர்கள். பலமாகச் சத்தம் போடுங்கள், தண்ணீர் இருந்தால் ஊற்றுங்கள். "இது ஒருவரையும் கடித்ததே இல்லை" என்ற பேச்சு ஒன்ராறியோச் சட்டத்தின் முன் எடுபடாது. முதல் கடிக்கும் உரிமையாளரே பொறுப்பு.

தேங்கிய குட்டையில் குடிக்க விடாதீர்கள். வீட்டிலிருந்து தண்ணீரும் சொந்தக் கிண்ணமும் கொண்டுபோங்கள். பனிக்கடியில் மறைந்திருந்த பழைய மலமெல்லாம் இப்போது வெளியே தெரிகிறது. அதில் குடற்புழு முட்டைகள் இருக்கும். உங்கள் நாயுடையதை அள்ளும்போது பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றையும் சேர்த்து அள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

போன வருடம் எங்கள் நாயின் காதுக்குப் பின்னால் கை வைத்தபோது சிறிதாக ஒன்று தட்டுப்பட்டது. பாலுண்ணி என்று விட்டுவிடப் பார்த்தேன். மயிரை விலக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், அதன் ஓரத்தில் கால்கள் அசைந்தன. வளர்ந்த உண்ணி ஓர் எள்ளின் அளவு, இளம் உண்ணி கசகசா அளவுதான். கண்ணுக்குத் தப்பும் அதை விரல் நுனிதான் கண்டுபிடிக்கும்.

காதின் உள்ளும் பின்னும், கழுத்துப்பட்டியின் கீழ், அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு என்று ஒழுங்காகத் தடவிப் பாருங்கள். கண்டால் நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய் பூசுவதும் நெருப்பால் சுடுவதும் வேண்டாம். உண்ணி பரப்பும் லைம் நோய்க் கிருமி, அது கடித்த பிறகு உடம்புக்குள் போகப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அன்றன்று தேடிக் கழற்றினால் ஆபத்து மிகக் குறைவு. றூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் போய்வந்தவர்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள். பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் தலையையும் பார்க்க மறக்காதீர்கள். மனிதரை உண்ணி கடித்திருந்தால் தாமதிக்காமல் மருந்தகத்துக்குப் போங்கள். லைம் நோய்த் தடுப்பு மருந்தை 2023 முதல் ஒன்ராறியோ மருந்தாளர்களே எழுதித் தரலாம்.

வெளியேறும்போது

கயிற்றைப் படலைக்கு உள்ளேயே மாட்டிவிடுங்கள். கார் வரைக்கும்தானே என்று விடவேண்டாம். சித்திரை, வைகாசி கயோட்டிகள் குட்டி வளர்க்கும் காலம். பள்ளத்தாக்கு ஓரம் வரும் நாயைத் தம் குட்டிகளுக்கு வந்த ஆபத்தாகவே அவை பார்க்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே பாதையில்தான் நம் அம்மம்மாமார் மாலையில் காற்று வாங்க வருகிறார்கள். ஊரில் விசர்நாய் துரத்தியதை மறக்காதவர்கள் அவர்களில் பலர். நாய் நல்ல நாய் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எதிரே வந்தால் கயிற்றைக் கட்டையாகப் பிடித்துப் புல்லுக்குள் இறங்கி, அவர்கள் கடந்து போகும்வரை நில்லுங்கள்.