கொல்கத்தா இல்லங்களும் வெப்பப் பம்பும்

வெப்பப் பம்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடத்துகிறது. வீட்டுக் குளிர்சாதனமும் வெளிக்காற்றில் வெப்பத்தை விடும் ஒரு பம்பேயாகும். நிலவழிப் பம்போ அதனை மண்ணில் விடுகிறது. இதற்குப் பக்ரேஷ்வர் போன்ற வெந்நீரூற்று தேவையில்லை.

மே மாதப் பகலில் கொல்கத்தாவின் காற்று 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. சில மீட்டர் ஆழத்தில் நிலம் ஆண்டுச் சராசரியான 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். எனவே நிலவழிப் பம்பு மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

எனினும், குளிர்நாடுகளில் கோடையில் நிலம் ஏற்ற வெப்பம் குளிர்காலத்தில் திரும்ப எடுக்கப்படுகிறது. கொல்கத்தாவிலோ அறையைச் சூடாக்கும் தேவை அற்பமே. வெப்பத்தை ஏற்க மட்டுமே செய்யும் நிலம் காலப்போக்கில் சூடேறக்கூடும், ஆதாயமும் குறையும். துளையிடும் செலவும், நெருக்கமான மனைகளில் இடமின்மையும் இதனோடு சேர்கின்றன.

ஆகவே, தனி இல்லத்திற்குக் காற்றுவழிப் பம்பே ஏற்றது. வாங்குவோர் விலையை மட்டுமன்றி, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டையும் நோக்குதல் வேண்டும்.