இணையக் கடையின் ஏடுகள்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் பட்ட பாட்டை நாம் வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஒரே நூலுக்குப் பல படிகள் இருக்கும். ஒரு படியில் இருக்கும் அடி மற்றொன்றில் இராது. எது முந்தியது, எது எழுதுவோன் பிழை என்று ஒப்பிட்டு ஒப்பிட்டே காண வேண்டும். 1950-களில், நம் பல்கலைக்கழகம் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாக இருந்த காலத்தில், இங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய வையாபுரிப்பிள்ளை அவர்கள் அத்தொழிலிலே பெரும்பகுதி வாழ்நாளைச் செலவிட்டவர். அந்தத் தொல்லை ஓலையோடு ஒழிந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். சாலைக் கடைத்தெருவில் அது என்னைப் பிடித்துக்கொண்டது.

அங்கே நேந்திரங்காய் வற்றல் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு இணையக் கடை ஒன்று உண்டு. அதன் கோப்புகளை நானும் ஒரு நண்பரும் பார்த்துவந்தோம். என் கணினியில் ‘புதியது’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்ற பெயர்களில் மூன்று கோப்புறைகள் இருந்தன. (நகைக்காதீர்கள், உங்கள் ஆய்வேடும் இப்படித்தான் இருக்கும்.) ஓணத்திற்கு முன்பு, வெளிமாநிலத்திற்கு அனுப்பும் கட்டணத்தை நண்பர் நேரே சர்வரிலேயே திருத்தினார். நான் அதனை அறியாமல் என்னிடமிருந்த பழைய படியை அதன்மேல் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் பழைய கட்டணத்திலேயே பொட்டலங்கள் போயின. நட்டம் அண்ணாச்சிக்கு. அவர் கோபிக்கவில்லை, “தம்பி, இதை மாற்றினது யாரு? எதுக்கு மாற்றினது?” என்று மட்டும் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வதற்கென்றே அமைந்த முறை ஒன்று உண்டு. அதன் பெயர் கிட். லினக்ஸ் கருவை உருவாக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் நிரலைப் பயன்படுத்தி வந்தனர். 2005-இல் அதன் இலவச உரிமை நிறுத்தப்படவே, லினஸ் டோர்வால்ட்சு அவ்வாண்டு ஏப்ரலில் சில நாட்களிலேயே கிட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அது கட்டற்ற மென்பொருள், காசு வேண்டா. 2001 சூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்ற ஊர் நம் திருவனந்தபுரம் ஆதலின், அச்சொல் நமக்குப் புதிதும் அன்று.

அது வேலை செய்யும் விதம் இதுதான். நாம் ‘கமிட்’ என்று பதியும்போதெல்லாம், அந்த நொடியில் கோப்புகள் எல்லாம் இருந்த நிலையைக் கிட் குறித்துக்கொள்கிறது. மாறாத கோப்பை மறுபடி சேமிப்பதில்லை, முன்னதையே சுட்டுகிறது. ஒவ்வொரு பதிவிலும் செய்தவர் பெயர், நேரம், காரணம், இதற்கு முந்திய பதிவு எது என்னும் குறிப்பு ஆகியவை இருக்கும். இவை அனைத்தையும் கணக்கிட்டு 40 எழுத்துள்ள அடையாளம் ஒன்று தரப்படுகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். சுவடி ஆராய்ச்சியாளர் வேறுபாடுகளைக் கொண்டு வரலாற்றை ஊகித்தார். இங்கே வரலாறு முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. ‘கிட் பிளேம்’ என்று கேட்டால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எந்தப் பதிவில் மாற்றினார் என்று காட்டும். ‘கிட் ரிவர்ட்’ ஒரு பதிவின் மாற்றத்தை மட்டும் நீக்கும். நீக்கியதையும் ஒரு பதிவாகவே எழுதிவைக்கும்.

இருவர் ஒரே வரியை வேறுவேறாகத் திருத்தினால் என்ன ஆகும்? இணைக்கும்போது கிட் நின்றுவிடும். இரண்டு பாடங்களையும் அடுத்தடுத்து வைத்து, நீயே தேர்ந்துகொள் என்னும். எங்களுக்கு ஓணத்தில் நேர்ந்தது இந்த முறையில் நேர்ந்திராது.

கட்டளைகளை ஒரு மாலையில் கற்றுவிடலாம். கடினம் பழக்கத்தில் இருக்கிறது. சர்வரில் நேரே கைவைப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். முதல் வாரமே நண்பர் அதனை மீறினார், இரண்டாம் வாரம் நான். காரணம் எழுதும் இடத்தில் ‘திருத்தம்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போவது மற்றொரு தீய பழக்கம். ‘அஞ்சல் கட்டணம் உயர்ந்ததால் வெளிமாநிலத் தொகை மாற்றப்பட்டது’ என்று எழுதினால்தான் அண்ணாச்சியின் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதல் நாளில் எதைச் சேர்க்கக் கூடாது என்பதையே மிகவும் கவனிக்க வேண்டும். தரவுத்தளத்தின் கடவுச்சொல், பணம் பெறும் நிறுவனம் தந்த இரகசியக் குறியீடு, வாங்குவோர் முகவரிகள் ஆகியவை உள்ளே போகலாகாது. கிட்இக்னோர் என்னும் சிறு கோப்பில் அவற்றின் பெயரை முன்கூட்டியே எழுதி விலக்கிவிட வேண்டும். தவறிச் சேர்த்துவிட்டுப் பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அது கிடக்கும். அப்போது கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி. இன்னொன்று: வரலாறு முழுவதும் ‘கிட்’ என்ற பெயருடைய மறைவான கோப்புறையில் இருக்கிறது. சர்வரில் அது பொதுமக்கள் எட்டும் இடத்தில் இருந்தால், அயலார் அத்தனையையும் இறக்கிக்கொள்ளக் கூடும். எங்கள் கடையில் சில நாள் அப்படித்தான் திறந்து கிடந்தது. நல்ல வேளை, வற்றலின் இரகசியம் அதில் இல்லை.

பெரிய தளங்களும் இம்மாற்றத்தைச் செய்திருக்கின்றன. இணையக் கடைகள் சிலவற்றுக்கும் அடிப்படையான ட்ரூப்பல், சி.வி.எஸ். என்னும் பழைய முறையிலிருந்து 2011 பிப்ரவரியில் கிட்டுக்கு மாறியது. அவர்களுக்கு ஆயிரக்கணக்கான திட்டங்கள். நமக்கு ஒரே கடை. ஆகவே மாற நினைக்கும் நண்பர்கள் பழைய கோப்புறைகளை எல்லாம் வரிசைப்படுத்த முயன்று காலத்தைக் கழிக்க வேண்டா. சர்வரில் இப்போது ஓடுவது எதுவோ அதனையே முதற்பதிவாகக் கொள்க.

ஆயினும் ஆர்டர்களும் சரக்கு இருப்பும் கோப்புகளில் இல்லை, தரவுத்தளத்தில் உள்ளன. கிட் அவற்றைக் காவாது. அவற்றுக்கு நாள்தோறும் இரவில் தனிப் படி எடுத்து வேறோர் இடத்தில் வைக்கிறோம். மாதம் ஒருமுறை அந்தப் படியிலிருந்து கடையைத் திரும்ப எழுப்பியும் பார்க்கிறோம். சென்ற மாதம் அது எழும்பவில்லை; காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.