வீட்டுப் பூனையும் வயிற்றுப் பிள்ளையும்



அட்டுவம்பட்டியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகளுக்கு நாலாம் மாதம். வாசலில் கட்டி வைத்த சாக்குக்குள் பூனை கத்திக்கொண்டிருந்தது. "மாசமா இருக்கிற பிள்ளைக்குப் பூனை ஆகாதாம்ல, சார்? அதான் பெருமாள்மலைக்கு அங்கிட்டு விட்டுட்டு வரச் சொல்லிட்டேன்" என்றார் மாமியார். மருமகள் வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் பிடுங்கிய காரட்டை முந்தானையில் துடைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கை அவிழ்த்துவிடுங்கம்மா. முதல்ல அந்தக் காரட்டைக் கழுவச் சொல்லுங்க" என்றேன். அன்று அந்த வீட்டாருக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

டாக்ஸோபிளாஸ்மா என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி உண்டு. 1908-ஆம் ஆண்டிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதன் முட்டை பூனையின் மலத்தில் வெளியேறுகிறது என்பது 1970 வாக்கில்தான் தெளிவாயிற்று. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த கால்நடை மருத்துவர் ஜே. பி. தூபே. எலி, குருவி, பச்சை இறைச்சி தின்னும் பூனைக்கு இது தொற்றுகிறது. முதல் தடவை தொற்றியபின் ஒன்று முதல் மூன்று வாரம் வரை, மலத்தில் லட்சக்கணக்கான முட்டைகள் போகும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். வேட்டைக்குப் பழகும் குட்டிகளிடம்தான் இது அதிகம்.

பூனையைத் தடவுவதால் இந்த நோய் வருவது அபூர்வம். மலத்தில் வெளிவந்த முட்டையும் உடனே தொற்றாது. அது முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் பாதி ஆபத்து போயிற்று.

பெரியவர்களுக்கு இது வந்தால் வந்ததே தெரியாது. லேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், அவ்வளவுதான். ஆனால் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகலாம். கரு கலையலாம், குழந்தையின் தலையில் நீர் கோக்கலாம், கண்ணின் விழித்திரை கெட்டுப் பல வருஷம் கழித்துப் பார்வை மங்கலாம். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குத் தொற்றுவது குறைவு, தொற்றினால் சேதம் பெரிது. கடைசி மாதங்களில் தொற்றுவது அதிகம், சேதம் குறைவு. கருத்தரிக்கும் முன்பே தொற்று வந்து போன பெண்ணின் குழந்தைக்குப் பெரும்பாலும் பயமில்லை.

நம் ஊர்ப் பூனைக்கு மணல் பெட்டி ஏது? கொத்திப் பொலபொலவென்று இருக்கும் காரட் பாத்தியும் பூண்டுப் பாத்தியும்தான் அதற்குக் கக்கூஸ். மலைமண் குளிர்ச்சியும் ஈரமுமானது. அப்படிப்பட்ட மண்ணில் இந்த முட்டை ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் பூனையே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் இது வரலாம். களையெடுத்த கையோடு சோறு உண்ணாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரட், பீட்ரூட், முள்ளங்கியை நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவித் தோல் சீவுங்கள். ஓடைத் தண்ணீரில் அலசியது கழுவியதாகாது.

தண்ணீர் என்றதும் கோயம்புத்தூர் நினைவுக்கு வருகிறது. 2004-2005-இல் அங்கே அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தவர்களில் 248 பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் கண் பாதித்திருந்தது. நகரக் குடிநீர் மாசுபட்டதே காரணம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே என்பீர்கள். போடத்தான் வேண்டும், பல கிருமிகள் சாகும். ஆனால் இந்த முட்டை அதற்குச் சாகாது. கொதிக்கவைத்த தண்ணீருக்குச் சாகும். குளிருக்கு எப்படியும் அடுப்பு எரிகிறது, ஒரு குண்டான் தண்ணீரையும் ஏற்றி வையுங்கள்.

சாம்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரிக் குளிருக்குப் பூனை அடுப்பங்கரைச் சாம்பலில் சுருண்டுகொள்ளும், அங்கேயே பள்ளம் பறித்து இருந்துவிட்டும் போகும். காலையில் அதே சாம்பலை அள்ளிப் பாத்திரம் விளக்குகிறோம். விளக்கும் சாம்பலை மூடிபோட்ட தகரத்தில் வையுங்கள். மசக்கையில் சிலருக்குச் சாம்பல், அடுப்பு மண், செம்மண் தின்னத் தோன்றும். வெட்கப்பட்டு ஒளித்துத் தின்பார்கள். திட்டாதீர்கள், கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ரத்தசோகைதான் அப்படிக் கேட்க வைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும்.

ரத்தம் ஊற வேண்டும் என்று ஆட்டுச் சுவரொட்டியைத் தணலில் வாட்டிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. கொடுங்கள். ஆனால் உள்ளே சிவப்புத் தெரியாத அளவுக்கு வேக வேண்டும். அரைவேக்காட்டு இறைச்சியிலும் இந்த ஒட்டுண்ணி இருக்கலாம்.

கொடைக்கானல் பங்களாக்களில் வேலை செய்யும் பெண்களுக்கு மணல் பெட்டி மாற்றும் வேலையும் வரும். "மாசமா இருக்கேன், இதை வேற ஆளு செய்யட்டும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். வேறு வழியே இல்லையென்றால் கையுறை, அதுவும் இல்லையென்றால் முழு பாலித்தீன் பை. அன்றாடம் அள்ளி, பெட்டியில் கொதிநீர் ஊற்றி, கையைச் சோப்பால் கழுவுங்கள். சொந்த வீட்டில் இது கணவர் வேலை. "பொம்பளை வேலை" என்று அந்த வீட்டு மகன் முனகினார். பிள்ளை யாருடையது என்று கேட்டேன், சிரித்துவிட்டார். பாத்திக்குத் தூரமாக ஆழக் குழி தோண்டி மூடினால் போதும். பூனைக்கு வெந்த சோறும் மீனும் போடுங்கள். பிரசவம் வரை புதுக்குட்டி எடுக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவார். 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். பழைய தொற்றின் அடையாளமும் அதில் தெரியும். பழையதா புதியதா என்று மறுபடி பார்த்துத்தான் சொல்ல முடியும். புதியதாக இருந்தாலும் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்து உண்டு.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ அது வேறு விஷயம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம்.